குழாய்வழி உணவு பெறும் குழந்தை தவழப் பழகும்போது: சென்னைப் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

மூக்கு வழியாகவோ வயிற்றின் வழியாகவோ பொருத்தப்பட்ட குழாயில் பால் பெறும் குழந்தை, ஒரு நாள் தானாகக் கவிழ்ந்து கையை ஊன்றித் தலையை நிமிர்த்தும்போது, வீட்டில் மகிழ்ச்சியும் பயமும் சேர்ந்தே வருகின்றன. குழாய் இழுபட்டுவிடுமோ, வயிற்றுத் துளையில் அடிபடுமோ, கொடுத்த பால் எதுக்களித்துவிடுமோ என்ற அச்சத்தில், பல குடும்பங்கள் குழந்தையை மடியிலும் தூளியிலும் தலையணைகளால் அணைகட்டிய கட்டிலிலும் வைத்தே மாதங்களைக் கடத்திவிடுகின்றன. அச்சம் நியாயமானதுதான். ஆனால் கழுத்தும் தோளும் முதுகும் இடுப்பும் வலுப்பெறுவது தரையில்தான். மடியில் கழிந்த மாதங்களைப் பின்னர் ஈடுகட்டக் குழந்தை கூடுதலாகப் பாடுபட வேண்டியிருக்கும்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே எண்ணத்தின் மேல் நிற்கிறது. தொங்கும் குழாய்க்காகக் குழந்தையைத் தரையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். தரையில் இருக்கும் நேரத்தில், தொங்கும் குழாயைக் குழந்தையிடமிருந்து எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாத பகுதியை உடலோடு ஒட்டிப் பாதுகாப்பாக்குங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இதைச் செய்யும் வழிகளே.

1. மருத்துவரிடம் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

குழாய்களில் மூன்று வகை உங்கள் பேச்சில் அடிபடும். மூக்கு வழியே இரைப்பைக்குச் செல்வது ரைல்ஸ் டியூப். வயிற்றுச் சுவரில் சிறு துளையிட்டு நேரடியாக இரைப்பையில் வைக்கப்படும் நீண்ட குழாயைப் பெக் டியூப் என்கிறார்கள். அதே துளையில், தோலோடு ஒட்டினாற்போல் தட்டையாக அமர்ந்திருப்பது பட்டன். பால் கொடுக்கும்போது மட்டும் அதில் இணைப்புக் குழாயை மாட்டிப் பிறகு கழற்றிவிடலாம். தவழும் குழந்தைக்கு மிக வசதியானது பட்டன்தான். உங்கள் குழந்தைக்கு நீண்ட குழாய் இருந்தால், அதை எப்போது பட்டனாக மாற்றலாம் என்று அறுவை மருத்துவரிடம் நீங்களாகவே கேளுங்கள்; எல்லாருக்கும் அது பொருந்தாது, ஆனால் கேட்காமலே விட்டுவிடும் பெற்றோர் பலர்.

வயிற்றுத் துளை புதிதாக இருக்கும்போது, இரைப்பைக்கும் தோலுக்கும் இடையே உள்ள பாதை ஆறி உறுதிப்படப் பொதுவாக 6 முதல் 8 வாரங்கள், சில குழந்தைகளுக்கு 3 மாதங்கள் வரை ஆகும். அதற்கு முன் குழாய் வெளியேறினால் ஆபத்து அதிகம். எனவே எந்த நாளிலிருந்து குப்புறப் படுக்க வைக்கலாம், எந்த நாளிலிருந்து வயிற்றால் நகரவிடலாம் என்பதை அறுவை மருத்துவர் வாயால் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குழாயின் அளவு, குழாய் வெளியே வந்துவிடாமல் இரைப்பைக்குள் பிடித்துவைக்கும் நீர் நிரப்பிய பலூன் உள்ள வகையானால் அதில் எத்தனை மில்லி நீர், கடைசியாக மாற்றிய தேதி, குழாய் வெளியே வந்தால் வீட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பது நல்லது. இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடல் வரை செல்லும் குழாயாக இருந்தால் அதைத் தெளிவாகக் கேட்டறிய வேண்டும். அது நகர்ந்துவிட்டால் வீட்டில் சரிசெய்ய முடியாது, மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தே மீண்டும் வைக்க முடியும்.

வயதைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி ஆய்வின்படி, நலமான குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழத் தொடங்குவது 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதம் வரை எங்கு வேண்டுமானாலும் அமையலாம். அந்த ஆய்வில் 4.3 சதவீதக் குழந்தைகள் அவ்வாறு தவழவே இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அத்தனை வாரத்தைக் கழித்துத்தான் கணக்கிட வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த ஒன்பது மாதக் குழந்தையை ஏழு மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும், பக்கத்து வீட்டு ஒன்பது மாதக் குழந்தையோடு அல்ல.

2. பால் நேரத்தையும் தரை நேரத்தையும் பிரித்து அமைத்தல்

பாதுகாப்பில் பாதி இந்த ஒரு படியிலேயே அடங்கிவிடுகிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் 50 மில்லி சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துப் பால் தானாக இறங்கும்படிதான் கொடுக்கிறோம். பால் இறங்கி முடிந்ததும் உணவியல் நிபுணர் சொன்ன அளவு நீர் விட்டுக் குழாயைக் கழுவி, மூடியை இறுக மூடி, குழந்தையைத் தலை உயர்த்திய நிலையில் குறைந்தது அரை மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும். எதுக்களிப்பு அதிகமுள்ள குழந்தைக்கு ஒரு மணி நேரம் தேவைப்படலாம். நிறைந்த வயிற்றோடு குப்புறப் போட்டால் பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும். விழுங்குவதில் சிரமம் இருப்பதால்தான் பல குழந்தைகளுக்குக் குழாயே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, அதாவது காலை 6, 9, நண்பகல் 12, பிற்பகல் 3, மாலை 6, இரவு 9 என்று பால் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். பால் இறங்க அரை மணி, ஓய்வாக நிமிர்ந்திருக்க ஒரு மணி போனால், அடுத்த வேளைக்கு முன் சுமார் ஒன்றரை மணி நேரம் மிச்சமிருக்கிறது. அந்த இடைவெளியின் தொடக்கம்தான் தரைக்கு ஏற்ற நேரம். இறுதிப் பகுதியில் பசி வந்துவிடும், குழந்தை அழும், அழுகையில் காற்றை விழுங்கும். சென்னை வெயிலில் காலை 8 மணியை ஒட்டிய இடைவெளியும் மாலை இடைவெளியும் மற்றவற்றைவிட நன்றாக அமையும். சித்திரை, வைகாசி மாதங்களில் நடுப்பகல் இடைவெளியை உறக்கத்துக்கே விட்டுவிடலாம்.

தொடங்கும்போது ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். நாளில் நான்கைந்து முறை சில நிமிடங்கள் என்பது, ஒரே மூச்சில் அரை மணி என்பதைவிடப் பயனுள்ளது. வயிற்றுக் குழாய் உள்ள குழந்தைக்கு வயிறு உப்புசமாக இருந்தால், மருத்துவமனையில் கற்றுத்தந்தபடி குழாயைத் திறந்து காற்றை வெளியேற்றிய பிறகு குப்புற விடுங்கள். உப்பிய வயிற்றின் மேல் படுக்க எந்தக் குழந்தையும் விரும்பாது. குப்புறப் போட்டால் அழுகிறது என்று சொல்லப்படும் குழந்தைகளில் சிலருக்குக் காரணம் இவ்வளவுதான்.

இயந்திரம் மூலம் நாள் முழுதும் சொட்டுச் சொட்டாகப் பால் பெறும் குழந்தைக்கு இடைவெளியே இருக்காது. அப்போது பெற்றோர் செய்ய வேண்டிய முதல் வேலை, உணவியல் நிபுணரிடமும் மருத்துவரிடமும் பேசி, பகலில் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு முறையாவது நிறுத்தி வைக்க முடியுமா, அந்த அளவை இரவு நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்பது. இரத்தச் சர்க்கரை குறையும் இயல்புள்ள சில குழந்தைகளுக்கு இது இயலாது. ஆகவே வீட்டில் தாமாக நிறுத்திப் பார்க்கக் கூடாது.

3. குழாயை உடலோடு பாதுகாத்தல்

ரைல்ஸ் டியூப் உள்ள குழந்தைக்கு: மூக்குத் துளையின் விளிம்பில் குழாயின் மேல் அழியாத மையால் ஒரு கோடு இருக்க வேண்டும். குழாயைக் கன்னத்தில் தட்டையாக ஒட்டி, காதின் மேலாகப் பின்பக்கம் கொண்டுபோய், மிச்சமுள்ள நீளத்தைச் சட்டைக்குள் முதுகுப்புறம் விட்டு, தோள்பட்டைக்கு அருகே இன்னொரு துண்டு பிளாஸ்டரால் பிடிக்க வைக்க வேண்டும். முன்பக்கம் தொங்கவிட்டால் தவழும்போது குழந்தையின் கையோ முழங்காலோ அதன் மேல் ஏறி, குழந்தையே தன் குழாயை இழுத்துவிடும். கழுத்தைச் சுற்றி ஒரு வளைவுகூட வரக் கூடாது.

நம் ஊர் வியர்வையில் பிளாஸ்டர் நிலைப்பது எளிதல்ல. தோலை வெறும் நீரால் துடைத்து முழுதும் உலரவிட்டு, முதலில் தோலைக் காக்கும் ஹைட்ரோகொலாய்டு படலத்தின் சிறு துண்டை ஒட்டி, அதன் மேல் குழாயை வைத்து மேலே இன்னொரு பிளாஸ்டர் போட்டால், தோலும் புண்ணாகாது, பிடிப்பும் நீடிக்கும். பழைய பிளாஸ்டரை வெடுக்கென்று பிய்க்காமல், ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு எடுத்து, எண்ணெய்ப் பசையை நன்றாகத் துடைத்த பிறகே புதியதை ஒட்டுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நாளில் கன்னத்திலும் மூக்கருகிலும் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாட்டி தலையிலிருந்து வழித்து முகத்துக்கும் தடவிவிட்டால், அன்று மாலைக்குள் பிளாஸ்டர் தானாகக் கழன்றுவிடும்.

நீண்ட வயிற்றுக் குழாய் உள்ள குழந்தைக்கு: குழாயை அடைக்கும் இடுக்கியை (கிளாம்ப்) மூடி, குழாயைப் பெரிய வளையமாக, மடிப்பு விழாமல் சுருட்டி வயிற்றின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். துளைக்கு மிக அருகில் இழுவிசை வராதபடி இரண்டு விரல் அளவு தளர்வு விட்டு ஒட்டுவதே முறை. அதற்கு மேல், கவட்டில் பொத்தான் வைத்த ஒரே துண்டுச் சட்டை அணிவித்தால் குழந்தையின் விரல் உள்ளே போகாது. பழைய பருத்தி வேட்டியில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை தைத்து வயிற்றைச் சுற்றிக் கட்டுவதும் நன்றாக உதவும். உங்கள் இரண்டு விரல்கள் தாராளமாக உள்ளே நுழையும் தளர்ச்சி வேண்டும், வியர்வையில் நனைந்தவுடன் மாற்ற வேண்டும்.

பட்டன் உள்ள குழந்தைக்கு: இணைப்புக் குழாயைக் கழற்றாமல் தரையில் விடாதீர்கள். இதில் சோம்பலுக்கு இடமே இல்லை. மாட்டிய இணைப்புக் குழாய் குழந்தையின் முழங்காலுக்கு அடியில் சிக்கினால், பலூனோடு பட்டனையே வெளியே இழுத்துவிடும். பலூனில் உள்ள நீரின் அளவை மருத்துவமனை சொன்ன இடைவெளியில், பொதுவாக வாரம் ஒரு முறை, சரிபார்க்க வேண்டும். நீர் குறைந்த பலூன் சிறு இழுப்பிலேயே வழுகி வந்துவிடும்.

அரைஞாண் கயிற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளியானாலும் கறுப்புக் கயிறானாலும், தவழும்போது அது மேலேறி வயிற்றுக் குழாயில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. குழாய் உள்ளவரை அதைக் கழற்றி வைப்பதே நல்லது. கழுத்தில் கட்டும் திருஷ்டிக் கயிறும் சங்கிலியும் குழாய் இல்லாத குழந்தைக்கே ஆபத்தானவை. பெரியவர்கள் மனம் கோணுவார்கள் என்றால், பூஜை அறையில் குழந்தையின் பெயரில் வைத்துக் கும்பிடலாம் என்று பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.

கைகளுக்கு உறை மாட்டும் வழக்கத்தை உறக்க நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தரையை விரல்களால் உணராத குழந்தை கையை ஊன்றக் கற்றுக்கொள்ளாது.

4. தரையை ஆயத்தப்படுத்துதல்

சென்னை வீடுகளின் வழவழப்பான டைல்ஸ் தரை தவழ்வதற்கு நல்ல இடமல்ல. முழங்கால் வழுக்கி வயிறு தரையில் மோதும். கோரைப்பாய் டைல்ஸ் மேல் நகரும், அதன் ஓரத்துச் சிம்புகள் பிளாஸ்டரில் மாட்டும். தடித்த ஜமக்காளத்தை இரண்டாக மடித்து, மேலே இறுக விரித்த பருத்தி விரிப்பு போட்டால் பிடிமானமும் மென்மையும் கிடைக்கும். துண்டு துண்டாக இணைக்கும் ஃபோம் விரிப்பும் நல்லதே, ஆனால் பிய்த்து வாயில் போடக்கூடிய சிறு துண்டுகளை முதலிலேயே எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் விரிப்பின் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அன்றாடம் எடுத்து நிமிர்த்தி வையுங்கள்.

குழாய்ப் பால் உள்ள வீட்டில் எறும்பு ஒரு பெரிய தொல்லை. மூடியைச் சுற்றியோ துளையைச் சுற்றியோ காய்ந்திருக்கும் இரண்டு சொட்டுப் பால் போதும்; விரிப்பில் கிடக்கும் குழந்தையின் வயிற்றை நோக்கி வரிசை கட்டிவிடும். மூடியையும் தோலையும் துடைத்த பிறகே தரையில் விடுங்கள். எறும்புச் சாக்பீஸ், பூச்சி மருந்துப் பொடி ஆகியவற்றைக் குழந்தை நகரும் அறையில் பயன்படுத்தவே கூடாது. ஃபினாயில் போட்டுத் துடைத்த தரையை, வெறும் நீரால் மறுபடி துடைத்துக் காயவிட வேண்டும்.

பிறகு நீங்களே தரையில் முழங்காலிட்டு ஒரு சுற்று வாருங்கள். சமையலறையில் தரையில் வைத்த அரிவாள்மனை, பூஜை அறையில் எட்டும் உயரத்தில் எரியும் விளக்கு, மேசை விசிறியின் ஒயர், தண்ணீர் வராத நாளுக்காக நிரப்பி வைத்த திறந்த வாளி, குளியலறைக் கதவு, பால்கனிக் கம்பி இடைவெளி எல்லாம் அந்த உயரத்தில்தான் கண்ணில் படும். அவற்றோடு குழாயின் உதிரி மூடிகள், ஊசி நீக்கிய சிறு சிரிஞ்சுகள் போன்றவையும் கீழே கிடக்கக் கூடாது. தொண்டையில் அடைக்கும் அளவுதான் அவை.

5. குப்புறப் படுப்பதிலிருந்து தவழ்தல் வரை

இந்தப் பகுதியில் அவசரம் வேண்டாம். ஒவ்வொரு நிலையிலும் குழந்தை சில வாரங்கள் தங்கலாம்.

நீங்கள் சுவரில் தலையணை சாய்த்துச் சற்றே சாய்வாக அமர்ந்து, குழந்தையை உங்கள் மார்பின் மேல் குப்புறப் படுக்க வைத்து முகம் பார்த்துப் பேசுவது முதல் நிலை. சாய்வாக இருப்பதால் எதுக்களிப்பு குறையும், வயிற்றில் அழுத்தமும் குறையும். உங்கள் குரலைத் தேடித் தலையை உயர்த்துவதே இங்கே பயிற்சி.

அடுத்து, தரையில் ஒரு துண்டை இறுகச் சுருட்டிக் குழந்தையின் அக்குள்களுக்குக் கீழே, மார்பின் குறுக்கே வையுங்கள். கைகள் சுருளுக்கு முன்னால் இருக்க வேண்டும். இதனால் மார்பு உயர்ந்து, வயிற்றுத் துளை தரையில் அழுந்தாமல் நிற்கும். சுருள் கீழே நகர்ந்து துளையின் மேல் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் எதிரே படுத்துக் கண்ணுக்கு நேராக ஒரு சில்வர் டம்ளரையும் கரண்டியையும் வைத்தால், விலையுயர்ந்த பொம்மை எதுவும் தேவைப்படாது.

வயிற்றுக் குழாய் பெரும்பாலும் இடது மேல்வயிற்றில் இருக்கும். ஆகவே புரளப் பழக்கும்போது முதலில் வலப்பக்கமாகப் புரளவிட்டு, துளை நன்றாக ஆறியதும் இரு பக்கமும் பழக்குங்கள். ஒரே பக்கமாகவே விட்டால் உடல் அந்தப் பக்கத்துக்கே சாயப் பழகிவிடும். மூக்குக் குழாய் உள்ள குழந்தையும் குழாய் ஒட்டிய கன்னத்தின் மேல் படுக்க விரும்பாமல் ஒரே திசையில் தலையைத் திருப்பி வைத்திருக்கும். மறுபக்கத்திலிருந்து கூப்பிடுங்கள், குழாய் மாற்றும்போது மறு துளையில் வைக்கச் சொல்லுங்கள்.

கைகளை ஊன்றத் தெரிந்த பிறகு, உங்கள் காலை நீட்டி, தொடையின் குறுக்கே குழந்தையை வைத்து, உள்ளங்கைகள் ஒரு பக்கமும் முழங்கால்கள் மறுபக்கமும் தரையைத் தொடும்படி செய்யுங்கள். தாங்க வேண்டியது மார்பின் கீழ்விளிம்பு. துளை உள்ள இடம் தொடையில் படக் கூடாது. துண்டை வயிற்றின் அடியில் கொடுத்துத் தூக்கி நடத்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. வயிற்றுக் குழாய் உள்ள குழந்தைக்கு அது வேண்டாம். சில நாட்களில் குழந்தை கையும் முழங்காலும் ஊன்றி முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும். பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் செங்கீரைப் பருவம் என்று தனிப் பருவமாகவே வைத்துப் பாடிய ஆட்டம் இதுதான். இந்த ஆட்டத்தில் தோளும் இடுப்பும் எடையைத் தாங்கப் பழகுகின்றன. நகரவில்லையே என்று இழுத்துவிடாமல் ஆடவிடுங்கள்.

பல குழந்தைகள் முதலில் நீந்துவதுபோல் வயிற்றாலேயே நகரும். வயிற்றுத் துளைக்கு மிகுந்த உராய்வு வரும் காலம் இதுவே. மெல்லிய பருத்தித் துணிப் பட்டையைத் துளையைச் சுற்றி வைத்து, ஒவ்வொரு தரை நேரத்துக்குப் பின்னும் தோலைப் பாருங்கள். துளை ஓரத்தில் ஈரமான, இளஞ்சிவப்பான சதை வளர்ந்து, தொட்டால் இரத்தம் கசிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குழாய் ஓயாமல் அசைவதால் வரும் இது சிகிச்சையில் சரியாகும். மஞ்சள், விபூதி, பவுடர் எதையும் அதன் மேல் போடாதீர்கள். சோப்பும் நீரும், பிறகு நன்றாக உலர்த்துவதும் போதும்.

முழங்காலில் நகரத் தொடங்கும்போது கால்கள் வெறுமையாக இருக்கட்டும். காலுறையும் பட்டுப் பாவாடையும் வழுக்கும். ஒரு கை நீளத்துக்கு அப்பால் பொருளை வைத்து, எட்டியதும் அதைக் கொடுத்துவிடுங்கள். எட்டும் ஒவ்வொரு முறையும் தள்ளித் தள்ளி வைத்தால் குழந்தை நம்பிக்கை இழக்கும்.

கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் பழக்கத்தை இந்தக் குழந்தையிடம் தடுக்காதீர்கள். வாயால் உண்ணாத குழந்தைக்கு, உதடும் நாக்கும் பொருள்களை அறிவது பின்னாளில் வாய்வழி உணவுக்குத் திரும்ப உதவும் பயிற்சி. கழுவிய, பெரிய, உடையாத பொருள்களாக இருந்தால் போதும்.

6. பால் ஏறிக்கொண்டிருக்கும்போது குழந்தை நகர்ந்தால்

இயந்திர உணவை நிறுத்தவே முடியாத குழந்தைக்கு மட்டும் இந்தப் பகுதி. 2022 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், உணவேற்றும் குழாய் கழுத்தில் சுற்றிக்கொண்டு இரண்டு வயதுக்குட்பட்ட இரண்டு குழந்தைகள் இறந்த செய்திகளைக் குறிப்பிட்டு எச்சரிக்கை வெளியிட்டது. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நீளமான குழாயோடு குழந்தையை ஒரு நொடியும் தனியே விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். குழாயைச் சட்டையின் அடிப்பக்கம் அல்லது கால்சட்டையின் கால் வழியாக வெளியே எடுத்து, எப்போதும் கால்களுக்குப் பின்னால் இருக்குமாறு ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு கூடவே நகர வேண்டும். குழந்தையின் முதுகில் பையை மாட்டுவது நடக்கத் தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியது. பிடிக்க ஆளில்லாத நேரத்தில் குழந்தை மடியிலோ பாதுகாப்பு நாற்காலியிலோ இருக்கட்டும். இரவில் குழாயைக் கட்டிலின் கால்பக்கமாக எடுத்துச் செல்லுங்கள். தூளியில் போட்டுப் பால் ஏற்றுவதைத் தவிர்த்துவிடுங்கள். துணியின் மடிப்புக்குள் குழாய் எங்கே போகிறது என்று தெரியாது.

7. குழாய் இழுபட்டாலோ வெளியே வந்தாலோ

மூக்குக் குழாயின் மைக்கோடு மூக்கு விளிம்பிலிருந்து நகர்ந்திருந்தால், பால் கொடுக்காதீர்கள். பாதி வெளியே வந்த குழாயை உள்ளே தள்ளவே கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம் அல்லது தொண்டையில் சுருளலாம். பயிற்சி பெற்றிருந்தால் முழுதும் எடுத்துவிட்டு, மீண்டும் வைப்பதற்கு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கோடு சரியாக இருந்தாலும், ஒவ்வொரு வேளைக்கும் முன் இரைப்பை நீரை உறிஞ்சி அமிலத் தாளில் சோதிப்பது நம்பகமான வழி, பி.எச். அளவு 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். காற்றைச் செலுத்தி ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்பதை மட்டும் நம்புவது போதாது.

வயிற்றுக் குழாய் முழுதும் வெளியே வந்துவிட்டால், பதற்றப்படாமல் சுத்தமான துணியை அதன் மேல் வையுங்கள். துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும் என்பதால் தாமதம் கூடாது. துளை புதிதாக இருந்தால் எதையும் நுழைக்காமல் நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆறிய துளையாக இருந்து, உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தால், மாற்றுக் குழாயை மெதுவாக நுழைத்துப் பாதையைத் திறந்து வைக்கலாம். தடை தெரிந்தால் அழுத்தாதீர்கள். இரைப்பையில்தான் இருக்கிறது என்று உறுதியாகும் வரை பால் கூடாது. மாற்றிய குழாயில் பால் கொடுக்கும்போது குழந்தை வலியால் துடித்தாலோ வயிறு கெட்டியாக வீங்கினாலோ உடனே நிறுத்த வேண்டும்.

இருமல் அடங்காமல் உதடு நீலம் பாய்ந்தாலோ மூச்சுத் திணறினாலோ, இடுக்கியை மூடி, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, 108-ஐ அழையுங்கள். பச்சை நிற வாந்தி, இரத்தம், காய்ச்சலோடு துளையைச் சுற்றிப் பரவும் சிவப்பு ஆகியவையும் காத்திருக்கும் விஷயங்கள் அல்ல.

8. வீட்டில் உள்ள மற்றவர்கள்

தாய் மட்டும் அறிந்த பாதுகாப்பு பாதுகாப்பாகாது. பாட்டி, அத்தை, அண்ணன், அக்கா, வேலைக்கு வரும் அம்மா என்று குழந்தையைத் தூக்கும் ஒவ்வொருவரும், இடுக்கியை மூடுவதையும், தூக்கும் முன் குழாய் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதையும் உங்கள் முன்னால் ஒரு முறை செய்து காட்டட்டும். பள்ளிக்குப் போகும் மூத்த பிள்ளைக்கு, குழாயைத் தொடாமல் எதிரே படுத்து விளையாட்டுக் காட்டும் பொறுப்பைக் கொடுங்கள். அதைவிடச் சிறந்த பயிற்சியாளர் குழந்தைக்குக் கிடைக்கமாட்டார்.

அன்பளிப்பாக வாக்கர் வந்தால் நன்றி சொல்லி ஓரமாக வைத்துவிடுங்கள். கனடா 2004-இல் குழந்தை வாக்கர்களுக்கு முழுத் தடையே விதித்தது. கவிழும் ஆபத்தோடு, அதன் வளையம் வயிற்றுக் குழாய் உள்ள இடத்திலேயே இடிக்கும். தவழ்வதற்கான தசைகளுக்கும் அதில் வேலை இல்லை.

9. முன்னேற்றம் தெரியாவிட்டால்

திருத்திய வயதில் (முன்னதாகப் பிறந்த வாரங்களைக் கழித்த வயதில்) 9 மாதமாகியும் தாங்கலின்றி உட்காரவில்லை, ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் பயன்படுத்துகிறது, உடல் துணிபோல் தளர்ந்தோ கட்டைபோல் விறைத்தோ இருக்கிறது, முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை என்றால், அதைக் குழாயின் மேல் போட்டுக் காத்திருக்காதீர்கள். குழாய் தேவைப்பட்ட காரணமே தசைகளையும் பாதித்திருக்கலாம்.

எழும்பூரில் உள்ள அரசுக் குழந்தைகள் நல மருத்துவமனை குழந்தைகளுக்கென்றே இயங்குவது. 2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளைத் சிறு வயதிலேயே பயிற்சியும் சிகிச்சையும் தரும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்பும் ஏற்பாடு உண்டு. அங்கன்வாடியிலோ நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ கேட்டால் வழிசொல்வார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தில் இயன்முறை மருத்துவமும் பேச்சு, விழுங்கல் பயிற்சியும் ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன.

போகும்போது, குழந்தை தரையில் நகர முயல்வதைக் காட்டும் இரண்டு நிமிடக் காணொளியைக் கைப்பேசியில் எடுத்துச் செல்லுங்கள். புதிய அறையில், புதிய முகங்களின் முன் குழந்தை பெரும்பாலும் அழுதுகொண்டுதான் இருக்கும். பால் அட்டவணை, குழாய் விவரத் தாள், மாற்றுக் குழாய், இடுக்கி, பிளாஸ்டர், இரண்டு வேளைக்கான பால், ஒரு மாற்றுச் சட்டை ஆகியவை பையில் இருக்கட்டும். பரிசோதனைக்குச் சரியாக ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுத்து முடித்துவிட்டால், இயன்முறை மருத்துவர் குழந்தையைக் குப்புற விட்டுப் பார்க்க முடியும்.